அறிவுரையோடு நின்றுபோகும் சிகிச்சை

கனடாவின் ஹாமில்டன் நகரத்திலிருந்து 1993இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஜார்ஜ் பிரவுமனும் அவருடைய சகாக்களும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அதை வெளியிட்டார்கள். தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்துக்கொண்ட 115 பேரைப் பற்றியது அது. சிகிச்சை நடந்த வாரங்களிலும் புகைபிடித்துக்கொண்டிருந்தவர்களில் 45 சதவீதத்தினருக்குக் கட்டி முழுதாகக் கரைந்தது. புகைக்காதவர்களில் 74 சதவீதத்தினருக்குக் கரைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதல் கூட்டத்தில் உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். இரண்டாவது கூட்டத்தில் 66 சதவீதம்.

நம் ஊர் நோயாளிகள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் அதே சிகிச்சைதான். கொடுக்கும் கதிரின் அளவை ‘கிரே’ என்ற அலகில் கணக்கிட்டு, மொத்தம் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேஸ் ஷீட்டில் பிசகில்லாமல் குறிக்கிறார்கள். நோயாளி நேற்று எத்தனை பீடி குடித்தார் என்பதைப் பெரும்பாலும் யாரும் குறிப்பதில்லை. முதல் நாள் ‘புகைப்பழக்கம் உண்டா’ என்ற கட்டத்தில் ஒரு டிக். ‘இனிமே அதைக் கையால தொடக் கூடாது’ என்று டாக்டர் சொல்வார். நோயாளி தலையாட்டுவார். அத்தோடு அந்த விஷயம் மருத்துவத்தை விட்டு விலகி நோயாளியின் வைராக்கியத்தைச் சேர்ந்ததாகிவிடுகிறது.

புற்றுநோய் தெரியவரும்போது புகைத்துக்கொண்டிருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதற்குப் பிறகும் புகைக்கிறார்கள் என்பது பல நாடுகளின் அனுபவம். மன உறுதி இல்லாதவர்கள் என்று இவ்வளவு பேரையும் ஒதுக்கிவிட முடியாது. நிகோடின் அடிமைத்தனம் ஒரு நோய்; அதற்கு மருந்து இருக்கிறது, முறை இருக்கிறது, ஓரளவு வெற்றியும் இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே அதைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

‘இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?’

வார்டில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. முப்பது வருடம் குடித்தாயிற்று, வர வேண்டியது வந்தாயிற்று, இனி விட்டால் வந்த நோய் திரும்பிப் போய்விடுமா? கேட்பவர் பக்கம் ஒரு தர்க்கம் இருப்பதுபோலத்தான் தெரியும். பல மருத்துவர்களும் உள்ளூர இப்படி நினைப்பதால்தான் ஒரு வரி அறிவுரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

சான்றுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. 2010இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் பார்சன்ஸ் குழுவினர், ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்றுநோய் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நுரையீரல் புற்றில் அதிகம் காணப்படும் வகையில், 65 வயது நோயாளி ஒருவர் தொடர்ந்து புகைத்தால் ஐந்தாண்டு உயிரோடிருக்க வாய்ப்பு 33 சதவீதம் என்றும், விட்டுவிட்டால் 70 சதவீதம் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். இவை நேரடியாக எண்ணிப் பார்த்தவை அல்ல, பழைய தரவுகளிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தவை. அதனால் 70 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயக்கம் வருவது நியாயம்தான்.

அந்தத் தயக்கத்துக்குப் பெருமளவு பதில் சொன்னது 2021இல் வந்த மாஸ்கோ ஆய்வு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த மஹ்தி ஷேக், பால் பிரென்னன் முதலானவர்கள் ரஷ்ய மருத்துவர்களோடு சேர்ந்து நடத்தியது. நோய் தெரியவந்தபோது புகைத்துக்கொண்டிருந்த 517 நுரையீரல் புற்றுநோயாளிகள். எல்லாருக்கும் நோய் பரவிவிடாத கட்டம். ஆண்டுதோறும் அவர்களைத் தொடர்புகொண்டு, இன்னும் புகைக்கிறார்களா என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். சராசரியாக 7 ஆண்டுகள் இந்தக் கண்காணிப்பு நடந்தது. விட்டவர்களின் இடைநிலை ஆயுள் 6.6 ஆண்டு, விடாதவர்களுக்கு 4.8 ஆண்டு. ஐந்தாண்டு தாண்டியவர்கள் விட்டவர்களில் 60.6 சதவீதம், விடாதவர்களில் 48.6 சதவீதம். இடைநிலை ஆயுளில் ஏறக்குறைய 22 மாத வித்தியாசம். அதிகம் குடித்தவர், குறைவாகக் குடித்தவர் என்ற பேதம் இதில் இல்லை. நோயின் கட்டம் சற்று முற்றியிருந்தவர்களுக்கும் பலன் தெரிந்தது.

இதிலும் ஓட்டை உண்டு. பழக்கத்தை விடுகிறவர் பெரும்பாலும் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பவர். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார், செக்கப்புக்குத் தவறாமல் வருவார். உடம்பு தேறிவருகிறது என்ற நம்பிக்கை உள்ளவர் விடுவதற்கும், நம்பிக்கை இழந்தவர் பீடியைப் பற்றிக்கொண்டிருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் எது காரணம், எது விளைவு? அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2014ஆம் ஆண்டு அறிக்கை, புற்றுநோயாளிகளின் மரணத்தைப் புகைப்பழக்கம் அதிகமாக்குகிறது, இது காரண காரிய உறவு என்று திட்டமாகச் சொன்னது. தொடர்ந்து புகைப்பவர்களுக்கு எந்தக் காரணத்தாலும் மரணம் நேரும் அபாயம் சுமார் 50 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. ஆனால் நோய் தெரிந்த பிறகு விடுவதால் ஆயுள் கூடுகிறதா என்ற கேள்விக்கு 2020ஆம் ஆண்டு அறிக்கை, சான்று அந்தத் திசையைக் காட்டுகிறது, இன்னும் போதுமான அளவு இல்லை என்று நிறுத்திக்கொண்டது. மாஸ்கோ ஆய்வு அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம், புகை நிறுத்தச் சிகிச்சை பெற்ற 4,500க்கு மேற்பட்ட தன் நோயாளிகளின் தரவை 2024இல் வெளியிட்டது. விட்டவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் அந்தச் சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்குப் பலன் மிக அதிகம் என்றது அது.

ஒரு பாதியை விடச் சொல்லி, மறு பாதியைத் தொடர்ந்து புகைக்கச் சொல்லி ஓர் ஆய்வை எந்த மருத்துவரும் நடத்த முடியாது. ஆகவே இந்தக் கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாத பதில் ஒருநாளும் வரப்போவதில்லை. வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு வகைப் புற்று, வெவ்வேறு முறை ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. விடுவதால் கேடு என்று சொல்லும் சான்றோ கிடையாது. சிகிச்சையைத் தொடங்க எனக்கு இது போதும்.

புகை உள்ளே என்ன செய்கிறது

பலன் ஏன் கிடைக்கிறது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். கதிர்வீச்சு புற்றணுவைக் கொல்ல ஆக்சிஜன் துணை வேண்டும். ஆக்சிஜன் இல்லாத அணுவைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். கதிர் வைக்கப் போகுமுன் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிகரெட் குடித்துவிட்டுப் படுக்கிறவர், தன் கட்டிக்குக் கவசம் மாட்டிவிட்டுப் படுக்கிறார். நல்ல செய்தி என்னவென்றால் இந்த வாயு ஓரிரு நாளில் இரத்தத்தை விட்டுப் போய்விடும். ‘முப்பது வருஷப் பழக்கம்’ என்ற வாதம் இங்கே செல்லாது. முந்தாநாள் விட்டவருக்கும் இன்று பலன் உண்டு.

அறுவைச் சிகிச்சையில் காரியம் இன்னும் வெளிப்படை. வாய்ப்புற்றில் தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மார்பிலிருந்தோ தொடையிலிருந்தோ சதையை எடுத்து அங்கே வைத்துத் தைக்கிறார்கள். அந்தச் சதைக்கு இரத்தம் பாய்ந்தால்தான் அது பிழைக்கும். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைக் குறைக்கிறது. புண் ஆறாமல் சீழ் வைக்கிறது. அறுவைக்கு நான்கு வாரம் முன்பாவது விட்டால் சிக்கல்கள் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘ஆபரேஷனுக்கு முன்னால திடீர்னு விட்டா சளி கட்டிக்கும்’ என்று ஒரு பேச்சு சில மருத்துவர்கள் மத்தியிலேயே உலவியது. பிற்பாடு வந்த ஆய்வுத் தொகுப்புகள் அதை உறுதிப்படுத்தவில்லை. நான்கு வாரம் இல்லையென்றாலும் இருக்கிற நாளில் விடலாம்.

மூன்றாவது வழி அதிகம் பேசப்படாதது. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் சில நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. அந்த நொதிகள் உடம்புக்குள் வரும் மருந்துகளை வேகமாகச் சிதைத்துவிடும். நுரையீரல் புற்றுக்குக் கொடுக்கும் எர்லோட்டினிப் மாத்திரை புகைப்பவர்களின் இரத்தத்தில் பாதிக்கும் குறைவாகவே தங்குகிறது. குடல் புற்றுக்குத் தரும் ஐரினோடீகனும் குறைகிறது. அப்படியானால் அளவைக் கூட்டிக் கொடுத்தால் என்ன என்று எர்லோட்டினிபை 150 மில்லிகிராமுக்குப் பதில் 300 கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கூடவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, நொதியைத் தூண்டுவது புகை, நிகோடின் அல்ல. புகைக்குப் பதில் நிகோடின் பேட்ச் ஒட்டிக்கொண்டவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

நம் ஊருக்கென்று இதில் ஒரு பின்குறிப்பு உண்டு. அதே நொதிதான் காபியையும் சிதைக்கிறது. புகையை விட்ட சில நாட்களில் நொதி அடங்கிவிடும். வழக்கமான ஃபில்டர் காபியே இரண்டு மடங்கு குடித்ததுபோல் வேலை செய்யும். கை நடுங்கும், தூக்கம் வராது, படபடக்கும். ‘சிகரெட்டை விட்டதால்தான் இப்படி’ என்று நினைத்துத் திரும்பவும் பற்றவைத்துவிடுவார்கள். விடும் வாரத்தில் காபியைப் பாதியாகக் குறைக்கச் சொல்வது செலவில்லாத சிகிச்சை.

இன்னொன்று, இரண்டாவது புற்று. டேன்லி ஸ்லாட்டர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் சகாக்களும் 1953இலேயே வாய்ப்புற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கட்டியைச் சுற்றி நல்ல திசுபோலத் தெரியும் இடமெல்லாம் ஏற்கெனவே கெட்டுப்போகத் தொடங்கியிருப்பதைக் காட்டினார்கள். ஒரு கட்டியை வெட்டியெடுத்த பிறகும் அந்த வயல் முழுக்க விதை கிடக்கிறது. தொடர்ந்து புகைப்பவருக்கு வேறோர் இடத்தில் புதிதாக ஒரு புற்று வரும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் என்பது 2014 அறிக்கையின் கணக்கு.

எதிர்த்தரப்பு உண்மை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நுரையீரல் புற்றுக்கு இப்போது வந்திருக்கும் நோயெதிர்ப்பு மருந்துகள், புகைபிடித்தவர்களுக்குத்தான் புகைக்காதவர்களைவிட நன்றாக வேலை செய்கின்றன. புகை உண்டாக்கிய ஏராளமான மரபணுப் பிறழ்வுகளால் அந்தக் கட்டி உடம்பின் காவலர்களுக்கு அந்நியமாகத் தெரிகிறது. அதனால் எளிதில் பிடிபடுகிறது. இது கடந்தகாலப் புகையின் விளைவு. சிகிச்சையின்போது புகைக்கச் சொல்லும் நியாயம் இதில் எதுவும் இல்லை.

பற்றவைக்கும் கை

நிகோடின் உள்ளே இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டு மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. குறையக் குறைய எரிச்சல், பதற்றம், கவனமின்மை, மனச்சோர்வு. அடுத்ததைப் பற்றவைத்ததும் தணிகிறது. தன்னைத்தானே உண்டாக்கித் தன்னைத்தானே தீர்த்துக்கொள்ளும் இந்தப் பதற்றத்தை நோயாளி வாழ்க்கையின் பதற்றம் என்று நம்புகிறார். பயாப்ஸி முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு இது எப்படிப் பெருகும் என்று யோசித்துப் பாருங்கள். ‘இந்த நேரத்துல அதையும் புடுங்கினா மனுஷன் என்ன பண்ணுவான்’ என்று வீட்டார் பரிதாபப்படுவது இதனால்தான். 2014இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, பழக்கத்தை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைகின்றன என்று காட்டியது. முதல் சில வாரங்களைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில வாரங்களும் ஸ்கேன், அறுவை, கீமோ என்று வாழ்வின் மிக மோசமான வாரங்களாக அமைந்துவிடுகின்றன.

பீடிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதைச் சுற்றியிருக்கும் இலை காற்றை எளிதில் விடாது, இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் சிகரெட்டைவிட அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. உருவத்தில் சிறியதாக இருப்பதைப் பார்த்து ‘பீடிதானே’ என்று மருத்துவர்களே சாதாரணமாக எடுத்துக்கொள்வது தவறு. எத்தனை என்று எண்ணுவதைவிடப் பயனுள்ள கேள்வி, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்பது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஃபாகெர்ஸ்ட்ராம் வகுத்த சோதனையின் முக்கியக் கேள்வி இதுதான். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அடிமைத்தனம் முற்றியிருக்கிறது, மருந்தில்லாமல் முடியாது என்று பொருள். ‘அது இல்லாம காலைக்கடனே போகாது’ என்று சொல்கிறவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து எழுத வேண்டும். வலி மாத்திரையும் கீமோவும் ஏற்கெனவே மலச்சிக்கலைக் கொண்டுவந்திருக்கும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பல வீடுகளில் நோயாளியிடம் நோய் இன்னதென்று சொல்வதில்லை. ‘சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாப்போயிடும்’ என்று மகன் சொல்லிவைத்திருப்பார். டாக்டரிடமும் ‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சார்’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். சின்னக் கட்டிதான் என்று நம்பும் மனிதர் நாற்பது வருடப் பழக்கத்தை எதற்காக விடப்போகிறார்? மறைப்பதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்புக்கு அவர் ஒரு விலை கொடுக்கிறார். சில வீடுகளில் இது நேர் எதிராகப் போகும். ‘இருக்கிற வரைக்கும் ஆசைப்பட்டதைக் குடிச்சிட்டுப் போகட்டும்’ என்று வீட்டாரே வாங்கிக் கொடுப்பார்கள், குணமாகும் வாய்ப்பு நிறைய உள்ளவருக்கும்கூட. குணமாக்கக்கூடிய கட்டத்தில் நோயாளிக்கு உண்மையைச் சொல்வது, இந்த ஒரு காரணத்துக்காகவாவது, அவசியம் என்று நினைக்கிறேன்.

குற்ற உணர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘நீயே தேடிக்கிட்டது’ என்று சொல்லாத உறவினர் அபூர்வம். வாயால் சொல்லாவிட்டாலும் பார்வையால் சொல்வார்கள். இதனால் நோயாளி மறைக்கத் தொடங்குகிறார். நிகோடின் உடம்பில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருளை இரத்தத்திலோ சிறுநீரிலோ அளந்து பார்த்த ஆய்வுகளில், ‘விட்டுட்டேன்’ என்று சொன்ன புற்றுநோயாளிகளில் கணிசமானவர்கள் விடவில்லை என்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. பொய் சொல்கிறவருக்கு உதவி செய்ய வழியில்லை. திட்டுகிற மருத்துவர் பொய்யைத்தான் விலைக்கு வாங்குகிறார்.

என்ன மருந்து, யாருக்கு

மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலும் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்திலும் எலிஸ் பார்க் குழுவினர் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. புதிதாக நோய் தெரியவந்த 303 பேர். எல்லாருக்கும் நான்கு வாரம் தொலைபேசி ஆலோசனையும் மருந்து பற்றிய அறிவுரையும் கிடைத்தன. பாதிப் பேருக்கு அதற்கு மேல் சில மாதங்கள் தொடர்ந்த ஆலோசனை அழைப்புகள், கூடவே மருந்து இலவசம். ஆறு மாத முடிவில், சோதித்து உறுதிசெய்யப்பட்ட கணக்கின்படி, முதல் முறையில் 21.5 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். இரண்டாவது முறையில் 34.5 சதவீதம். மூன்றில் இரண்டு பேர் தோற்றுப்போகும் சிகிச்சைதானே என்று இதை அலட்சியமாகப் பார்க்கலாம். புற்றுநோய் மருத்துவத்தில் மூன்றில் ஒருவருக்குப் பலிக்கும் மருந்துகளை விற்பதற்கு எவ்வளவு விலை வைக்கிறார்கள் என்பது தெரிந்தவர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

மருந்துகள் சில. நிகோடினையே பேட்சாகவோ சூயிங்கமாகவோ கொடுப்பது ஒன்று. ‘புற்றுநோய்க்காரருக்கு நிகோடினா?’ என்ற பயம் நோயாளிகளுக்கு மட்டும் உள்ளதல்ல. புகையில் புற்றை உண்டாக்குவதாக அறியப்பட்டவை சுமார் 70 பொருட்கள். நிகோடின் அவற்றில் ஒன்றல்ல. ஆய்வகத்துச் செல்களிலும் எலிகளிலும் நிகோடின் கட்டியை வளர்ப்பதாகச் சில முடிவுகள் உண்டு. பேட்ச் ஒட்டிய மனிதர்களிடம் அப்படி எதுவும் காணப்படவில்லை. அவர்கள் முன்னால் இருக்கும் மாற்று நிகோடின் இல்லாத வாழ்க்கை அல்ல, அந்த 70 பொருட்களோடு சேர்ந்த நிகோடின்.

வாரெனிக்லின் இன்னொன்று. அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்றது. மூளையில் நிகோடின் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்து, பூட்டில் பாதி மட்டும் திரும்பும் சாவிபோல நடந்துகொள்கிறது. ஏக்கம் தணியும், அதே சமயம் மேலே ஒரு சிகரெட் குடித்தால் வழக்கமான சுகம் கிடைக்காது. மனநிலையைக் கெடுக்கும் என்று அதன் மேல் இருந்த கடும் எச்சரிக்கை, 8,000க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வுக்குப் பிறகு 2016இல் நீக்கப்பட்டது. குமட்டல் இதன் முக்கியப் பக்கவிளைவு. கீமோ குமட்டலோடு இதுவும் சேர்ந்தால் நோயாளி இரண்டில் ஒன்றை நிறுத்துவார்; எதை என்று சொல்ல வேண்டியதில்லை. கீமோ நாளுக்கு ஏற்ப இதைத் திட்டமிடத் தெரிந்தவர் வேண்டும்.

இதற்குப் பொது மருத்துவரோ மருந்துக்கடைக்காரரோ போதாது, புற்றுநோய்ச் சிகிச்சைக் குழுவுக்குள்ளேயே ஆள் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் மூன்றாவது மருந்தில் நன்றாகத் தெரியும். பூப்ரோபியான் என்ற மாத்திரை பலருக்கு உதவும். ஆனால் மார்பகப் புற்றுக்கு டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவருக்கு அதைக் கொடுத்தால், டாமாக்சிஃபெனை உடம்பு பயனுள்ள வடிவத்துக்கு மாற்றும் நொதியை அது தடுத்துவிடும். நோய் மூளைக்குப் பரவியிருந்தால் வலிப்பு வரும் ஆபத்தையும் கூட்டும். வாயில் கதிர் வைத்துப் புண்ணாகியிருப்பவரிடம் நிகோடின் சூயிங்கத்தை நீட்டுவது கொடுமை, அவருக்குப் பேட்ச்தான். சதை மாற்று அறுவை செய்தவருக்கு நிகோடினையே சில வாரம் தவிர்க்கலாமா என்று அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

படிப்படியாகக் குறைக்கலாமா, ஒரேயடியாக விடலாமா? பொதுவான புகைப்பாளர்களிடம் இங்கிலாந்தில் நடத்திய 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு நாள் குறித்து ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேர் நான்காவது வாரத்தில் விட்ட நிலையில் இருந்தார்கள். குறைத்துக்கொண்டே வந்தவர்களில் 39 சதவீதம். புற்றுநோயாளிக்கு நாள் குறிப்பதில் சிரமமில்லை. ஆஸ்பத்திரியில் சேரும் தேதி கையில் இருக்கிறது.

திரும்பவும் பற்றவைப்பது பெரும்பாலும் சிகிச்சையின் நடுவில் நடப்பதில்லை. வார்டில் இருக்கும்வரை சரியாக இருப்பார். புண் ஆறி, சாப்பாடு இறங்கி, ஊருக்குப் போய் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பழைய சினேகிதரோடு பேசத் தொடங்கும்போதுதான் கை நீளும். மருத்துவமனையோ ‘மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்று சொல்லி அனுப்பியிருக்கும். ஆலோசனை மிகவும் தேவைப்படும் மாதங்களில் நோயாளி கண்ணிலேயே படுவதில்லை. தொலைபேசியின் அருமை இங்கேதான்.

அமைப்பில் இருக்கும் இடைவெளி

நுரையீரல் புற்றுநோய் வல்லுநர்களின் சர்வதேசச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் ஒரு கருத்தாய்வு நடத்தி, 1,500க்கு மேற்பட்டோரின் பதில்களை 2013இல் வெளியிட்டது. புகை சிகிச்சையைக் கெடுக்கிறது என்று பத்தில் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டார்கள். நோயாளியிடம் கேட்கிறோம் என்றவர்களும் அதே அளவு. விடச் சொல்கிறோம் என்றவர்கள் பத்தில் எட்டு. மருந்து பற்றிப் பேசுகிறோம், கூட இருந்து உதவுகிறோம் என்றவர்கள் சுமார் 40 சதவீதம்தான். உலகின் தேர்ந்த மருத்துவர்களிடமே நிலை இது.

அமெரிக்கா 2017இல் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் வழியாகப் பணம் ஒதுக்கி, 52 புற்றுநோய் மையங்களில் புகை நிறுத்தச் சிகிச்சையை வழக்கமான சேவையாக்க முயன்றது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2012 முதலே தன் மண்டல மையங்கள் அனைத்திலும் இதைத் தொடங்கியிருந்தது. இம்மாதிரித் திட்டங்களில் நன்றாகப் பலித்த உத்தி ஒன்று உண்டு. ‘உதவி வேண்டுமா’ என்று கேட்டு ஆம் என்பவரை மட்டும் அனுப்பாமல், புகைப்பவர் எல்லாரையும் தானாகவே ஆலோசகரிடம் அனுப்பிவிடுவது. வேண்டாம் என்பவர் மறுத்துக்கொள்ளலாம். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும்போது யாரும் ‘விருப்பமா’ என்று கேட்பதில்லையே.

இந்தியாவில் அடித்தளம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 2002இல் 13 புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கப்பட்டபோது சென்னை அடையாறு புற்றுநோய் மையம் அவற்றில் ஒன்றாக இருந்தது. 2016இல் டெல்லி வல்லபாய் படேல் மார்புநோய்க் கழகத்தில் தேசிய உதவி எண் தொடங்கியது; பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட இடங்களுக்கும் விரிந்தது. நிகோடின் மாற்று மருந்து 2022இல் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்குள் வந்தது. 2016–17 கணக்கெடுப்பின்படி நாட்டில் வயது வந்தோரில் 10.7 சதவீதம் பேர் புகைப்பவர்கள், 21.4 சதவீதம் பேர் மெல்லும் புகையிலை முதலானவற்றைப் பயன்படுத்துகிறவர்கள். வாய்ப்புற்று வார்டில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்று கலந்துதான் படுத்திருக்கும். ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பவர்களும் உண்டு.

நம்மிடம் குறைவது இவற்றைப் புற்றுநோய் வார்டோடு இணைக்கும் கண்ணி. ஒரு கட்டு பீடியின் விலையையும் ஒரு வாரப் பேட்சின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூலி வேலை செய்யும் நோயாளி எதை வாங்குவார் என்பது விளங்கும். கீமோ மருந்தை இலவசமாகக் கொடுக்கும் அரசு மருத்துவமனை, அந்தக் கீமோ பலிக்க உதவும் பேட்சையும் அதே ஜன்னலில் கொடுக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கொன்று, நோயாளிகள் தொடர்ந்து புகைப்பதால் முதல் சிகிச்சை தோற்று மறுபடி செய்ய நேரும் செலவை ஆண்டுக்கு 340 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. நமக்கு அதில் ஒரு சிறு பங்கு விரயமானாலும் தாங்காது. 2021 முதல் வீடு தேடிப் போய்ச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள், சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பிய புற்றுநோயாளியிடம் இந்த ஒரு கேள்வியையும் கேட்டால் போதும், டீக்கடைப் பெஞ்சுக்கு ஒரு மாற்று கிடைக்கும்.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2003ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பள்ளி, கல்லூரிகளிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதைத் தடுக்கிறது. மருத்துவமனைக்கு அந்த எல்லைக்கோடு இல்லை. வளாகத்துக்குள் குடிக்கத்தான் தடை. வாசலுக்கு எதிரே பெட்டிக்கடையில் நுனி கனியும் கயிறு தொங்கிக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். நோய் முற்றி, குணமாக்கும் முயற்சியைக் கைவிட்டு, வலியைத் தணிப்பது மட்டுமே மிச்சமிருக்கும் ஒருவரிடம் பீடியைப் பிடுங்கத் தேவையில்லை. அவர் கேட்டால் உதவலாம், மூச்சுத்திணறல் குறையும் என்று எடுத்துச் சொல்லலாம். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும், தீப்பிடிக்கும். மற்றபடி முடிவு அவருடையது.

உங்கள் வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் இன்னும் புகைக்கிறார் என்றால் அவரைத் திட்டாதீர்கள். அவருக்காக டாக்டரிடம் பொய்யும் சொல்லாதீர்கள். அடுத்த முறை ஓபிக்குப் போகும்போது ‘இதை விடறதுக்கு என்ன மருந்து தரீங்க?’ என்று நீங்களே கேளுங்கள். சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது. 2018 செப்டம்பர் முதல் ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் பீடிக் கட்டிலும் அச்சிட வேண்டும் என்று அரசு விதித்த எண் அதுதான்.